‘சதுரங்க மோசடி’ என்று எழுதாதீர்கள்

அக்காவின் மகனுக்குப் பத்து வயது. வெள்ளவத்தையில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒருவரிடம் செஸ் பழகுகிறான், ஆட்டத் திறனை அளக்கும் புள்ளியான ரேட்டிங் இன்னும் வரவில்லை. போன மாதம் கொழும்பில் நடந்த ஒரு சுற்றுப்போட்டியின் மூன்றாம் சுற்றில், ரேட்டிங் உள்ள, தன்னைவிட இரண்டு வயது மூத்த பெடியன் ஒருவனை வென்றுவிட்டு வெளியே ஓடி வந்தான். பெற்றோர் காத்து நிற்கும் இடத்தில் தோற்ற பிள்ளையின் தாய் யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: “உதில ஏதோ மோசடி நடந்திருக்கு. ரேட்டிங் இல்லாத பிள்ளை எப்பிடி வெல்லும்?” எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை, ஆனாலும் பிள்ளையின் காதில் விழுந்துவிட்டது. பஸ்ஸில் வரும்போது கேட்டான், “மாமா, மோசடி எண்டா பேங்க்ல செய்யிறது எல்லோ?”

அவனுக்குத் தெரிந்த மோசடி அதுதான். வீட்டில் ஓடும் செய்தியில் அந்தச் சொல் வரும்போதெல்லாம் கூடவே காசும் வரும்: நிதி மோசடி, காசோலை மோசடி, காணி மோசடி, வெளிநாட்டு வேலைவாய்ப்பு மோசடி. அந்தத் தாயையும் நான் குறை சொல்ல மாட்டேன், அவர் அந்தச் சொல்லைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. 2022ஆம் ஆண்டு, அன்றைய உலகச் செஸ் சம்பியன் கார்ல்சன் இளம் வீரர் நீமனிடம் தோற்றதும் போட்டியை விட்டே விலகிய விவகாரம் கிளம்பிய நாளிலிருந்து வானொலியிலும் பத்திரிகையிலும் ‘சதுரங்க மோசடி’ என்று கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் அது பழகிப்போய்விட்டது. ‘சீட்டிங்’ என்ற ஆங்கிலச் சொல்லை அப்படி மொழிபெயர்ப்பவர்கள் ஒருநாளாவது நின்று யோசித்திருக்கலாம்.

சொல் வரலாற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் ‘சீட்டிங்’ என்பது, பழைய பிரெஞ்சு வழியாக வந்த ‘எஸ்சீட்’ என்ற சட்டச் சொல்லின் தலை போன மிச்சம். வாரிசில்லாமல் இறந்தவரின் நிலம் பிரபுவுக்கோ அரசருக்கோ போய்ச் சேருவதற்கு அந்தப் பெயர். அதைப் பார்க்கப் போன அதிகாரிகள் நியாயமில்லாமலும் பறித்ததால் சொல்லுக்கே ‘ஏமாற்றிப் பறிப்பது’ என்ற பொருள் வந்து, பிறகு நிலமெல்லாம் கழன்று, விளையாட்டில் விதியை மீறுவது, பரீட்சையில் பார்த்து எழுதுவது, கட்டிய துணைக்குத் துரோகம் செய்வது எல்லாவற்றுக்கும் பொதுச்சொல்லாக விரிந்துவிட்டது. ‘மோசடி’ என்பது ‘மோசம்’ வழி வந்தது. ‘மோசம் போனேன்’ என்றால் நம்பி இழந்தேன்.

அந்த ‘நம்பி இழந்தேன்’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆங்கிலச் சொல் பரந்து விரிந்தது, நம்முடையது விரியவில்லை, விரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு குற்றத்துக்கும் நம்மிடம் தனித்தனிச் சொல் இருந்தது. பரீட்சையில் பார்த்து எழுதினால் கொப்பி அடித்தல். அதைப் பிடித்த ஆசிரியர் பிள்ளையை ‘மோசடிக்காரன்’ என்று சொல்ல மாட்டார். தேர்தலில் இன்னொருவர் பெயரில் போய்ப் போட்டால் கள்ள வோட்டு. காசு வாங்கிக்கொண்டு கிரிக்கெட் போட்டியில் தோற்றுக் கொடுத்தால் ஆட்ட நிர்ணய சதி. இந்தக் கடைசிச் சொல் நம் பத்திரிகைக்காரர்கள் ஆக்கியது, நல்ல சொல், 2019இல் இலங்கையில் விளையாட்டுக் குற்றங்களுக்கென்றே 24ஆம் இலக்கச் சட்டம் வந்தபோது மக்களுக்கு விளக்குவதற்குக் கையில் தயாராக இருந்தது. அதே பத்திரிகைகள் செஸ் என்று வந்ததும் அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டிவிடுகின்றன.

செஸ்ஸில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 2019 ஜூலையில் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஒரு போட்டி. இகோர்ஸ் ரவுசிஸ், 58 வயது, கிராண்ட்மாஸ்டர், தரப்புள்ளி, அதாவது ரேட்டிங், 2700ஐத் தொடப் போகிறது, அந்த வயதில் யாரும் ஏறாத ஏற்றம். கழிப்பறைக்குள் கைத்தொலைபேசியோடு இருக்கும் படம் வெளியே வந்தது. ஆறு வருடத் தடை, பட்டமும் போனது. 2015இல் டுபாயில் காயோஸ் நிகாலிட்சே, இதுவும் கழிப்பறை, இதுவும் தொலைபேசி, மூன்று வருடத் தடை. இரண்டிலும் செய்தது ஒரே காரியம்: தன் மூளையால் ஆட வேண்டிய ஆட்டத்தில், யாருக்கும் தெரியாமல் இயந்திரத்தின், அதாவது செஸ் ஆடும் கணினி நிரலின், மூளையை வாங்கிக்கொண்டது. செஸ் விதி 11.3 சொல்வதும் அதைத்தான், ஆட்டம் நடக்கும்போது குறிப்பையோ தகவலையோ பிறர் ஆலோசனையையோ பாவிக்கக் கூடாது, அனுமதியில்லாத மின்னணுக் கருவி கையில் இருக்கக் கூடாது. அந்த விதியில் காசு என்ற பேச்சே இல்லை.

இதை நான் சொன்னபோது மொழிபெயர்ப்பில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் மறுத்தார், “பரிசுப் பணம் பறிபோகிறதே, அது மோசடி இல்லையா?” என்றார். பணம் பறிபோகிறது, உண்மைதான். ஆனால் பரிசே இல்லாத ஒரு பழகு ஆட்டத்தில், இரவு பதினொரு மணிக்கு, முகம் தெரியாத ஒருவருடன் இணையத்தில் ஆடும்போது இயந்திரத்தைப் பார்த்து நகர்த்தினாலும் அதே குற்றம்தானே, அங்கே யார் என்ன இழந்தார்கள்? பரிசு சேர்ந்தால் குற்றம் பெரிதாகிறது, ஆனால் அதன் இயல்பு மாறவில்லை. இயல்புக்குத்தான் பெயர் வைக்க வேண்டும்.

அவர் விடவில்லை, ‘ஏமாற்றுதல்’ என்று போடலாமே என்றார். இது மோசடியைவிடவும் கெட்ட மொழிபெயர்ப்பு என்பேன். செஸ்ஸே ஏமாற்றுகிற விளையாட்டு. குதிரையைக் காவு கொடுப்பதுபோலக் காட்டி ராணியைப் பிடிப்பது, வலப்பக்கம் தாக்குவதுபோலப் பாவனை செய்து இடப்பக்கம் நுழைவது, இதையெல்லாம் ‘ஆளை நல்லா ஏமாத்திப்போட்டான்’ என்று மெச்சித்தான் சொல்வோம். எங்கள் பக்கத்துச் சொல்லில் பேய்க்காட்டுவது. பலகைக்கு மேலே எவ்வளவும் பேய்க்காட்டலாம், அது திறமை. மெச்சுவதற்கும் தண்டிப்பதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எப்படி எழுதுவது?

‘முறைகேடு’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது மிகவும் அகலம். நடுவர் சோடி சேர்ப்பதில் பிழை விட்டாலும் முறைகேடு, சங்கத்தில் கணக்குக் காட்டாவிட்டாலும் முறைகேடு. ‘சுத்துமாத்து’ எனக்குப் பிடித்த சொல், ஆனால் அதற்குள் கொடுக்கல் வாங்கல் வாடை இருக்கிறது, சீட்டுக் காசைச் சுத்தினவருக்குத்தான் பொருந்தும்.

அப்புறம் ‘அளாப்பல்’. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த சொல், கொழும்பில் வளர்ந்த என் தலைமுறையும் வீட்டில் கேட்டே வளர்ந்தது. கிளித்தட்டில் அடிபட்டுவிட்டு ‘படேல்ல’ என்று நிற்பவன், தாயத்தில் கட்டையைத் தட்டிவிட்டு மறுபடி உருட்டுபவன், அவன்தான் அளாப்பி. விளையாட்டுக்கென்றே பிறந்த சொல் இது, காசின் கறை துளியும் இல்லை. பல நாள் இதைத்தான் செஸ்ஸுக்கும் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். பிறகு மனதை மாற்றிக்கொண்டேன். அளாப்புகிறவன் ஒளிக்க மாட்டான். எல்லோரும் பார்க்கச் செய்துவிட்டு, இல்லை என்று சத்தம் போட்டு நிற்பான். செஸ்ஸில் அதற்கும் இடம் உண்டு: காயைத் தொட்டுவிட்டு ‘நான் தொடேல்ல’ என்று சொல்லி வேறு காயை நகர்த்துவது அச்சொட்டாக அளாப்பல்தான், பிள்ளைகளின் போட்டிகளில் நடுவர் கையை உயர்த்தி அழைக்கப்படுவது பெரும்பாலும் இதற்குத்தான். ஆனால் கழிப்பறையில் தொலைபேசியை ஒளித்து வைப்பவர் அளாப்பவில்லை, அவர் சத்தமே போடுவதில்லை.

ஒளிப்பதற்கு நம்மிடம் உள்ள சொல் கள்ளம். கள் என்ற அடியிலிருந்து களவும் வந்தது, கள்வனும் வந்தான், கள்ளமும் வந்தது. களவு என்றால் பொருள் போக வேண்டும், கள்ளம் என்றால் மறைவு இருந்தால் போதும். ‘கள்ளத்தால் கள்வேம் எனல்’ என்று குறள் 282 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது, திருடுவது ஒன்று, அதைச் செய்யும் மறைவான வழி இன்னொன்று. கள்ளச் சாவி, கள்ள நோட்டு, கள்ளக் கையெழுத்து எல்லாம் உண்மையானதன் வேடம் போட்டுக்கொண்டு உள்ளே வருபவை. இயந்திரம் சொன்ன நகர்வைத் தன் நகர்வுபோல ஆடுவது இந்த வரிசையில் எவ்வளவு இயல்பாக உட்காருகிறது பாருங்கள். ஆகவே கள்ள ஆட்டம். ஆடினவர் கள்ள ஆட்டக்காரர், செய்த காரியம் கள்ளமாக ஆடியது. கொழும்பில் சிங்களப் பிள்ளைகளும் இதே இடத்தில் ‘ஹொரட்ட’ என்றுதான் கத்துவார்கள், அதுவும் கள்வனைக் குறிக்கும் ‘ஹொரா’விலிருந்து வருவது. பக்கத்து வீட்டுப் பிள்ளை சரியாகச் சொல்கிறது, நாம் ஏன் வங்கிச் சொல்லைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும்?

ஒரு எச்சரிக்கை. ‘கள்ளாட்டம்’ என்று சேர்த்து எழுதாதீர்கள். கள்ளம், ஆட்டம் என்பவை புணர்ந்தால் இலக்கணப்படி கள்ளவாட்டம் என்றுதான் வரும், கள்ளாட்டம் என்று பார்த்தால் கள்ளுத் தவறணை ஞாபகம்தான் வரும். பிரித்தே எழுதுங்கள்.

ஒருவருக்கு மேல் சேர்ந்து திட்டம் போட்டால்? 2010இல் கான்டி மன்சீஸ்க் ஒலிம்பியாட்டில் செபாஸ்தியன் ஃபெல்லர் என்ற பிரெஞ்சு வீரரின் விவகாரத்தில் வெளியே ஒருவர் நகர்வைக் கண்டு குறுஞ்செய்தி அனுப்ப, அணியின் பயிற்றுநர் மண்டபத்தில் எந்த மேசைக்குப் பின்னால் போய் நிற்கிறார் என்பதை வைத்து நகர்வு தெரிவிக்கப்பட்டதாகப் பிரெஞ்சு சம்மேளனம் கண்டது. அதற்கும் பெயர் கள்ள ஆட்டச் சதி. ஏற்கெனவே உள்ள ‘ஆட்ட நிர்ணய சதி’யோடு ஒத்துப் போகிறது.

எனக்கு மோசடி என்ற சொல்மேல் இவ்வளவு கோபம் வருவதற்கு இன்னொரு காரணம், அதைச் சொன்ன உடனே தீர்ப்பும் சொன்னதாகிவிடுகிறது. நீமனுக்கு நடந்ததைப் பாருங்கள். 2022 செப்டம்பர் 4, செயின்ட் லூயிஸில் சிங்ஃபீல்ட் கிண்ணம், 19 வயது ஹான்ஸ் நீமன் கறுப்புக் காய்களோடு மக்னஸ் கார்ல்சனை வென்றார். கார்ல்சன் 53 ஆட்டங்களாகத் தோல்வி காணாதவர். அடுத்த நாள் அவர் போட்டியிலிருந்தே விலகினார். அன்று அவர் முறைப்பாடும் கொடுக்கவில்லை, குற்றச்சாட்டும் சொல்லவில்லை, ‘பேசினால் எனக்குப் பெரிய பிரச்சினை’ என்று ஒரு கால்பந்துப் பயிற்றுநர் சொல்லும் காணொளித் துண்டை மட்டும் போட்டார். நம் செய்திகளில் அன்றே அது ‘மோசடி விவகாரம்’ ஆகிவிட்டது. 12 வயதிலும் 16 வயதிலும் இணையத்தில் கள்ளமாக ஆடியதை நீமனே ஒப்புக்கொண்டார். அக்டோபரில் வந்த செஸ்.காம் தளத்தின் 72 பக்க அறிக்கை நூற்றுக்கு மேற்பட்ட இணைய ஆட்டங்களில் கள்ள ஆட்டம் இருந்திருக்கலாம் என்றது. ஆனால் நேருக்கு நேர் பலகையில் அவர் கள்ளமாக ஆடினார் என்று இன்றுவரை யாரும் நிறுவவில்லை. நீமன் 10 கோடி டொலர் கேட்டுப் போட்ட வழக்கு 2023 ஜூனில் தள்ளுபடியானது, ஆகஸ்டில் சமரசம் வந்தது, அந்தக் கிண்ணப் போட்டியில் கள்ள ஆட்டம் நடந்ததற்குத் தீர்மானமான ஆதாரம் அந்த அறிக்கையில் இல்லை என்பதைக் கார்ல்சனே ஏற்றார். அந்த வருடக் கடைசியில் சரியான காரணமின்றி விலகியதற்காக அவருக்கு சர்வதேச செஸ் சம்மேளனமான ஃபிடே 10,000 யூரோ தண்டம் விதித்தது. இத்தனை படிகளுக்கும் தமிழில் சொல் இருக்கிறது: சந்தேகம், குற்றச்சாட்டு, முறைப்பாடு, விசாரணை, தீர்ப்பு. எந்தப் படியில் நிற்கிறோமோ அந்தச் சொல்லை எழுதுவது மொழிபெயர்ப்பாளரின் கடமை. நீமனைப் பற்றி எழுதும்போது ‘கள்ள ஆட்டச் சந்தேகம்’, ரவுசிஸைப் பற்றி எழுதும்போது ‘கள்ள ஆட்டம்’.

கடைசியாக ரேட்டிங். ‘2688 தரவரிசை கொண்ட நீமன்’ என்று அச்சில் வருகிறது. தரவரிசை என்றால் எத்தனையாவது இடம் என்பது. அப்படிப் பார்த்தால் உலகில் 2,687 பேர் அவருக்கு முன்னால் நிற்கிறார்கள், அப்படிப்பட்டவர் உலகச் சம்பியனை வென்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? 2688 அவருடைய தரப்புள்ளி. இந்த முறையைக் கணித்த ஆர்ப்பாட் எலோ என்பவரின் பெயரால் எலோ புள்ளி என்றும் சொல்லலாம், ஆனால் அது ஒரு மனிதரின் பெயர், ‘ஈ.எல்.ஓ.’ என்று புள்ளி வைத்துச் சுருக்கெழுத்துப்போல எழுதாதீர்கள். கார்ல்சனின் தரப்புள்ளி அன்று 2861. 173 புள்ளி வித்தியாசம். எலோ கணக்குப்படி இந்த வித்தியாசத்தில் பெரியவர் நூறு ஆட்டத்தில் 73 புள்ளி (இது வெற்றிக்கு ஒன்று, சமனுக்கு அரை என்று வரும் ஆட்டப் புள்ளி) எடுப்பார், சின்னவர் சமன்களையும் சேர்த்து 27. அந்த 27க்குள் வெற்றிகளும் இருக்கும், அவை வரத்தான் செய்யும். அதை ‘அதிர்ச்சித் தோல்வி’ என்று கொட்டை எழுத்தில் போடுவதைவிட ‘எதிர்பாராத தோல்வி’ என்று போட்டால் போதும்.

தரப்புள்ளி இல்லாத பிள்ளைக்கு இந்தக் கணக்கும் கிடையாது. புள்ளி இல்லை என்றால் ஆடத் தெரியாது என்று பொருள் இல்லை, இன்னும் அளக்கவில்லை என்றுதான் பொருள். இதைத்தான் பம்பலப்பிட்டிச் சந்தி தாண்டும்போது அவனுக்குச் சொன்னேன். கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, “அப்ப நான் கள்ள ஆட்டமும் ஆடேல்ல, அளாப்பவும் இல்ல” என்றான். நகர்வு எழுதிய தாளை எடுத்து, எந்த நகர்வில் அந்தப் பெடியனின் யானையைப் பிடித்தான் என்று வீடு வரும்வரை காட்டிக்கொண்டு வந்தான்.