ரிமூவ் போட்டால் ரகசியம் ஆகிவிடாது

ஜேக்வெரி (ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) தரும் ரிமூவை வைத்து ரகசியத்தை மறைக்கப் பார்க்கும் வலைப்பக்கங்களில், இந்த வருஷம் நான் பார்க்கும் நான்காவது இது. சம்பளப் பட்டியல். மேலாளர்கள் மட்டும்தான் சம்பளத்தைப் பார்க்கலாம், மற்றவர்கள் பெயரும் பிரிவும் பார்த்தால் போதும். அதற்காக எழுதியிருந்தது ஒரே வரி: சம்பளம் என்ற கிளாஸ் (உறுப்புகளுக்கு இடும் அடையாளப் பெயர்) உள்ள கட்டங்களையெல்லாம் ஜேக்வெரியில் செலக்ட் செய்து ரிமூவ். திரையில் அந்த நெடுவரிசையே இல்லை. வலது கிளிக் செய்து பக்கத்தின் சோர்ஸை, அதாவது சர்வர் அனுப்பிய மூலத்தைத் திறந்தேன், அத்தனை பேர் சம்பளமும் அப்படியே இருந்தது.

தயவுசெய்து இதை ஒருமுறை நிதானமாக யோசியுங்கள். சர்வர் சம்பளத்தை அனுப்பிவிட்டது, பார்ப்பவரின் கணினிக்கு அது வந்தும் சேர்ந்துவிட்டது, அதற்கப்புறம்தான் உங்கள் ஸ்கிரிப்ட் ஓடி, பக்கத்தின் உறுப்புகளை அடுக்கி பிரவுசர் கட்டி வைத்திருக்கும் டாம் (DOM) மரத்திலிருந்து அதை எடுக்கிறது. வந்த பதில் எங்கும் போகவில்லை, பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் டேபில் போய்ப் பார்த்தாலும் கிடைக்கும். ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டால் அந்த ஒரு வரியும் ஓடாது. டெலிட் பட்டனும் இதே கதைதான்: பட்டனை எடுத்தீர்கள் சரி, அது கூப்பிடும் முகவரி திறந்துதானே கிடக்கிறது? கோரிக்கையைக் கையாலேயே அனுப்ப யாராலும் முடியும்.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. எந்த உறுப்புகள் என்று சொல்லும் செலக்டருக்கு எதுவும் சிக்காவிட்டால் ஜேக்வெரி பிழை காட்டாது, பேசாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். ஆறு மாதம் கழித்து வேறொருவர் கிளாஸ் பெயரை மாற்றுவார், சம்பளம் எல்லோர் திரையிலும் வந்து நிற்கும், பிழைகளைக் காட்டும் கன்சோலில் ஒரு சிவப்பு வரிகூட இருக்காது. கிளாஸுக்குப் பதில் ஒரே ஐடியை எல்லா வரிசையின் சம்பளக் கட்டத்துக்கும் கொடுத்திருந்தால், ஐடி தேடல் முதலில் கிடைப்பதோடு நின்றுவிடும், முதல் கட்டம் மட்டும்தான் போகும்.

ரிமூவுக்குப் பதில் ஜேக்வெரியின் ஹைட் போடுவது இதைவிட மோசம். அது உறுப்பின் டிஸ்ப்ளே ஸ்டைலை none ஆக்கித் திரையில் மறைக்கிறது, அவ்வளவுதான். மறைத்த இன்புட்டின் மதிப்பு ஃபார்மோடு சேர்ந்தே போகும். எடுத்த உறுப்பைப் பிறகு திரும்ப வைக்கப்போகிறீர்கள் என்றால் டிட்டாச் பயன்படுத்துங்கள், ரிமூவ் அதன் ஈவெண்டுகளையும் டேட்டாவையும் சேர்த்தே அழித்துவிடும். இவையெல்லாம் திரையை ஒழுங்குபடுத்தும் கருவிகள், அந்த வேலைக்கு அருமையானவை.

யாருக்கு எது தெரியலாம் என்பதை சர்வரிலேயே முடிவு செய்யுங்கள். உரிமை இல்லாதவருக்கு அந்தத் தரவை அனுப்பவே வேண்டாம், ஒவ்வொரு கோரிக்கையிலும் உரிமையைச் சரிபாருங்கள். பக்கத்தை ஒப்படைப்பதற்கு முன் ஒரு சாதாரணப் பயனராக உள்ளே நுழைந்து, சோர்ஸைத் திறந்து, சம்பளம் என்று தேடிப் பாருங்கள். ஒரு நிமிஷ வேலைதான்.