நிவாரணமா, நஷ்டஈடா, இழப்பீடா? தடுப்பூசி மனுவுல எந்தச் சொல்லைப் போடணும்

போன வாரம் தேவகோட்டைப் பக்கமிருந்து ஒரு ஆச்சி எங்க டைப்பிங் கடைக்கு வந்தாக. பேத்திக்கு ஊசி போட்ட தொடையில சீழ் கோத்து, கிழிச்சு மருந்து கட்டி, ஒரு மாசமா அலையுறாக. "நிவாரணம் வேணும்னு ஒரு மனு அடிச்சுக் குடு தம்பி"ன்னாக. நிவாரணம் வேணாம் ஆச்சி, இழப்பீடுன்னு போடுவோம்னேன். ரெண்டும் ஒண்ணுதானேன்னு கேட்டாக. ஒண்ணு இல்ல.

நிவாரணம் வடமொழி, கஷ்டத்தை நீக்குறதுன்னு அர்த்தம். புயல் வெள்ளம்னா அரசாங்கம் பாத்துக் குடுக்கிறது. கொரோனால இறந்தவங்க குடும்பத்துக்கு 2021ல அறிவிச்ச 50,000 ரூபாய்க்குப் பேரே கருணைத்தொகைதான். இழப்பீடு அப்படி இல்ல, எனக்கு இது போச்சு, அதுக்குச் சமமா வைன்னு உரிமையோட கேக்குற சொல்லு.

நஷ்டஈடு பாதி வடமொழி பாதி தமிழ், நஷ்டம்னா அழிஞ்சு போனது, அதை இழப்புன்னு மாத்துனா இழப்பீடு. ஈடு நம்ம சொல்லு, செட்டிநாட்டுல அதை யாருக்கும் விளக்கவே வேணாம், நகையை ஈடு வச்சா வாங்குன கடனுக்குச் சமமா நகை அங்க உக்காருது, ஈடு இணை இல்லன்னா சமமா எதுவுமே இல்ல, ஈடுகட்டுறதுன்னா குறைஞ்சதை நிரப்புறது. காம்பன்சேஷன்ங்கிற சொல்லும் லத்தீன்ல சேத்து வச்சு நிறுக்குறதுங்கிற அர்த்தத்துல இருந்து வந்ததுதான். அங்கயும் தராசு, இங்கயும் தராசு.

ஈடு கேட்டாலே யாரோ தப்பு பண்ணிட்டாங்கன்னு அர்த்தமில்ல. மோட்டார் வாகனச் சட்டம் 164வது பிரிவுல, டிரைவர் மேல தப்பு இருக்குன்னு நிரூபிக்காமயே உயிர் போனா 5 லட்சம், பலத்த காயத்துக்கு 2.5 லட்சம். அமெரிக்காவுல தடுப்பூசிக்கே 1986ல இப்படி ஒரு சட்டம் வந்துச்சு, ஒவ்வொரு டோஸ்லயும் அது தடுக்கிற நோய் ஒண்ணுக்கு 75 சென்ட் வரி பிடிச்சு ஒரு நிதியில போடுறாங்க, ஊசி போட்ட 4 மணி நேரத்துக்குள்ள கடுமையான ஒவ்வாமை வந்தா அது ஊசியாலதான்னு எடுத்துக்கிட்டு கேஸை ஆரம்பிக்கிறாங்க. பிரிட்டன்ல 1979லயே சட்டம், ஆனா 60 சதவீத ஊனம் இருந்தாத்தான் பணம். இங்க கொரோனா தடுப்பூசி கேஸ்ல அரசு பொறுப்பில்ல, சிவில் கோர்ட்டுக்குப் போகலாம்னு 2022 நவம்பர்ல மத்திய அரசு உச்ச நீதிமன்றத்துல சொல்லுச்சு. அங்க போனா தப்பை நாமதான் நிரூபிக்கணும், அதுதான் எனக்கு ஆறல. நான் தடுப்பூசிக்கு எதிரி கிடையாது, 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவுல இயற்கையான போலியோ வைரஸால ஒரு பிள்ளைகூட முடங்கலன்னா அது சொட்டு மருந்தாலதான். ஊரே நல்லாயிருக்கப் போட்டுக்கிட்டதுல ஆயிரத்துல லட்சத்துல ஒரு பிள்ளைக்குத் தீங்கு வந்தா அந்தக் குறையை ஊர்தானே ஈடுகட்டணும்?

இன்னொரு சொல்லுலயும் கவனம் வேணும். தடுப்பூசிக்குப் பிறகு வந்ததும் தடுப்பூசியால வந்ததும் வேற வேற. ஊசி போட்ட மறுநாள் வந்த காய்ச்சல் ஊரெல்லாம் அடிக்கிற காய்ச்சலாக்கூட இருக்கலாம், காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதை. நிபுணர் குழு இதைத்தான் பிரிச்சுப் பாக்கும், மருந்தோட தன்மையா, தயாரிப்புக் குறையா, போட்ட விதத்துல தப்பா, பயத்துல வந்ததா, தற்செயலான்னு. ஆச்சி பேத்திக்கு ஊசி குத்துன அதே இடத்துல கட்டி வந்திருக்கு, அது போட்ட விதத்துல வந்ததான்னு கேக்க நியாயம் இருக்கு.

தடுப்பூசி அட்டையைக் குடுங்கன்னேன், மஞ்சப்பையில இருந்து நாலா மடிச்சு எடுத்தாக, மடிப்புல கிழிஞ்சு செலோடேப் ஒட்டியிருந்துச்சு. தேதி இருக்கு, ஊசி பேரு இருக்கு, மருந்து எந்தத் தயாரிப்புத் தொகுதியில வந்ததுன்னு சொல்ற பேட்ச் நம்பர் எங்கயும் இல்ல, தயாரிப்புக் குறையான்னு பாக்க அது வேணும். அதனால இழப்பீட்டு மனுவை எடுத்து வச்சுட்டு, அன்னைக்குப் போட்ட மருந்தோட பேட்ச் நம்பரை எழுத்துல குடுங்கன்னு ஊசி போட்ட இடத்துக்கு ஒரு மனு அடிச்சேன், ஆச்சி கண்ணாடியைப் போட்டு ரெண்டு தடவை படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டாக.