ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ்: ஷாத்தோ திகெம்

ஒயின் பரிமாறும் தொழிலில் இருப்பவர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி: "இனிப்பு ஒயின்னா சர்க்கரை போட்டதுதானே?" பிரான்ஸின் இனிப்பு ஒயினான ஷாத்தோ திகெம் விஷயத்தில் இது தவறான எண்ணம். அங்கே சர்க்கரை சேர்ப்பதில்லை. பழத்திலுள்ள தண்ணீர் வற்றுகிறது, சர்க்கரை மிஞ்சுகிறது.

பிரான்ஸில் போர்தோ நகருக்குத் தெற்கே, சோத்தேர்ன் பகுதியின் குன்றொன்றில் இருக்கிறது இந்தத் தோட்டம். 1593 முதல் சோவாஜ் குடும்பத்தின் கையில் இருந்தது. 1785இல் நடந்த ஒரு திருமணத்தால் லூர்-சலூஸ் குடும்பத்துக்கு வந்து, 1990களின் இறுதி வரை அவர்களிடமே இருந்தது. போர்தோ ஒயின்களைத் தரம் பிரித்த 1855ஆம் ஆண்டுத் தரப்பட்டியலில் சோத்தேர்ன் ஒயின்களுள் முதல் தரத்துக்கும் மேலே தனி இடம் பெற்றது இது ஒன்றுதான். அடியில் களிமண் என்பதால் மழைநீர் தேங்கும். அதை வடிக்க 19ஆம் நூற்றாண்டில் சுமார் 100 கிலோமீட்டருக்குச் சுடுமண் குழாய்கள் புதைத்தார்கள். இன்றும் வேர் அழுகாமல் காப்பது அந்தக் குழாய்கள்தான்.

குளிர்ந்த சிரோன் ஓடை, அதைவிட வெதுவெதுப்பான கரோன் ஆற்றில் கலக்கிறது. அதனால் இலையுதிர்காலக் காலைகளில் மூடுபனி இறங்கும். அந்த ஈரத்தில் போட்ரைட்டிஸ் என்னும் பூஞ்சை, தோல் மெலிந்த செமியோன் திராட்சையைப் பிடிக்கும். மதியம் வெயிலும் காற்றும் வந்தால், பூஞ்சை துளைத்த நுண்துளைகள் வழியே தண்ணீர் ஆவியாகிவிடும். பழத்தைக் கிட்டே பார்த்தால் மாற்றம் தெரியும்: முதலில் தோலில் பழுப்புப் புள்ளிகள், பிறகு பழம் முழுக்க ஊதா கலந்த பழுப்பு, கடைசியில் உலர்திராட்சை போலச் சுருங்கி மேலே சாம்பல் பூத்த நிலை. பறிக்க வேண்டியது இந்தக் கடைசி நிலையை மட்டுமே. ஒரே குலையில் மூன்று நிலையும் இருக்கும் என்பதால், ஆட்கள் அதே வரிசைக்கு ஐந்தாறு முறை திரும்பி வந்து, தேவைப்பட்டால் ஒவ்வொரு பழமாகக் கிள்ளுவார்கள்.

தப்பு நடப்பதும் இங்கேதான். பழம் பழுக்கும் முன்பே பூஞ்சை பிடித்தாலோ, மழை விடாமல் பெய்தாலோ அதே பூஞ்சை வெறும் அழுகலாகிவிடும். தோல் வெடித்தால் பழ ஈக்கள் மொய்த்து, புளிப்பு பாக்டீரியா புகுந்து, காடி வாடை அடிக்கும். அப்படி ஒரு குலை கூடையில் விழுந்தாலே சாறு கெட ஆரம்பிக்கும். அதனால் தேறாத ஆண்டில் திகெம் என்ற பெயரில் ஒயினே வெளியிடமாட்டார்கள்: 1972, 1974, 1992, 2012 எல்லாம் அப்படிப் போனவை. ஓர் ஆண்டு வருமானத்தையே விடுகிறார்கள். இந்தப் பெயருக்கு உள்ள மதிப்பு இதில்தான் நிற்கிறது என்பது எங்கள் கருத்து.

சுருங்கிய பழத்தைப் பிழிவது மெதுவான வேலை. வழக்கத்துக்கு மாறாக, இங்கே அடுத்தடுத்த பிழிவில்தான் இனிப்பு கூடும். சாறு புதிய ஓக் பீப்பாய்களில், ஒவ்வொன்றும் 225 லிட்டர், நொதிக்கிறது. லிட்டருக்கு 350 கிராம் சர்க்கரை இருக்கும் சாற்றில் ஈஸ்ட் திணறும். ஒரு டிகிரி (அதாவது ஒரு சதவீதம்) ஆல்கஹாலுக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை செலவாகும், 13.5 டிகிரியில் ஈஸ்ட் ஓய்ந்தால் 120 கிராம் மிச்சம். அதன்பின் பீப்பாயிலேயே இரண்டு ஆண்டு வரை முதிரும். இத்தனை பாடுபட்டும் விளைச்சல் ஹெக்டேருக்குச் சுமார் 9 ஹெக்டோலிட்டர் (900 லிட்டர்)தான், கொடிக்கு ஒரு கிளாஸ் என்று சொல்வது அதனால்தான்.

வாங்குபவர்கள் கவனிக்க: 100 மில்லி கிளாஸில் சுமார் 12 கிராம் சர்க்கரை, கூடவே ஆல்கஹால். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது ஏற்றதல்ல. சோத்தேர்ன் வகைக்கு ஐரோப்பியச் சட்டம் லிட்டருக்கு 400 மில்லிகிராம் வரை கந்தக டை ஆக்சைடு அனுமதிக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்கள், அதைக் குறிக்கும் 'சல்பைட்' என்ற சொல் லேபிளில் இருக்கிறதா என்று பார்க்காமல் தொடக் கூடாது.

பாட்டிலை இருட்டில், படுக்கவைத்து, 12 முதல் 14 டிகிரியில் வையுங்கள். சமையலறை அலமாரி வேண்டாம். சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும், ஓரத்தில் பிசுபிசுவென ஒழுகியிருக்கும். அப்படிப்பட்ட பாட்டிலை வாங்காதீர்கள். ஆனால் பழைய பாட்டிலில் பொன்னிறம் கருத்துத் தேன்பாகு நிறமானால் பயப்பட வேண்டாம், அது வயதின் நிறம். திறந்ததும் காடி வாடை வந்தால் கெட்டுவிட்டது என்று கொள்ளுங்கள்.