கல்யாணத்துக்காக ஊருக்கு வரும் பிள்ளைகள்: காரைக்குடிக் குழந்தை மருத்துவர் சொல்லும் சில விஷயங்கள்

தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்த மாதம் பிறந்தால் போதும், சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், டெக்சாஸ் என்று எங்கெங்கோ வளர்கிற பிள்ளைகள் என் கிளினிக்குக்கு வர ஆரம்பித்துவிடுவார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், கொசுக்கடித் தடிப்பு, சில சமயம் நாய்க்கடி. அநேகமாக எல்லாப் பெற்றோரும் ஒரே மாதிரிதான் பேச ஆரம்பிப்பார்கள்: "நம்ம ஊருக்குத்தானே வர்றோம்னு நெனச்சோம் டாக்டர்."

உங்களுக்கு இது சொந்த ஊர். பிள்ளைக்கு இது வெளிநாடு. தாய்லாந்துக்குச் சுற்றுலா போகும்போது தடுப்பூசி கேட்டு, பாட்டில் தண்ணீர் வாங்கி, கொசு மருந்து பூசுகிற அதே பெற்றோர் பள்ளத்தூருக்கோ தேவகோட்டைக்கோ வரும்போது எதையும் கேட்பதில்லை. உறவினர் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு டைபாய்டு போன்ற தொற்றுகள் மற்ற சுற்றுலாப் பயணிகளைவிட அதிகம் வருவது பயண மருத்துவத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்த இடம் என்ற தைரியம்தான் இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

டிக்கெட் போட்ட உடனே அங்கே இருக்கிற குழந்தை மருத்துவரைப் பாருங்கள். முக்கியமாக, ஒரு வயது நிறையாத கைக்குழந்தை இருந்தால். தட்டம்மைத் தடுப்பூசி இந்தியாவில் 9 மாதத்தில் போடுகிறோம், அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் 12 மாதம் ஆனபிறகுதான். அதனால் பத்து மாதக் குழந்தை ஒரு தட்டம்மை ஊசியும் இல்லாமல், நானூறு ஐநூறு பேர் கூடி ஆளாளுக்குத் தூக்கிக் கொஞ்சுகிற கூட்டத்துக்குள் வந்து நிற்கும். வெளிநாட்டுப் பயணம் என்றால் 6 மாதத்திலிருந்தே ஒரு முன்கூட்டிய ஊசி போடலாம், கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பாவது போட்டுவிட வேண்டும். அது கணக்கில் சேராது, வழக்கமான ஊசிகளை அப்புறமும் போட வேண்டும். டைபாய்டு கான்ஜுகேட் ஊசியும் 6 மாதத்திலிருந்து போடலாம். அது அங்கே கிடைக்கிறதா என்று கேட்டு, கிடைத்தால் போட்டுக்கொண்டு வாருங்கள்.

இனி வீடு. நம் பக்கத்துக் கல்யாணம் மண்டபத்தில் நடந்தாலும் தங்குவது அநேகமாகப் பூர்வீக வீட்டில்தான், பல குடும்பங்கள் திருப்பூட்டுவதையும், அதாவது தாலி கட்டுவதையும், வீட்டின் நடுமுற்றமான வளவில்தான் வைத்துக்கொள்கிறார்கள். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும், எனக்கும் பிடித்தமான விஷயம்தான். ஆனால் அந்த வீடு வருஷத்தில் பத்து பதினோரு மாதம் பூட்டிக் கிடந்த வீடு. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு திறந்து, கூட்டிப் பெருக்கி, தொட்டியைக் கழுவித் தண்ணீர் ஏற்றுவார்கள். டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசுவின் முட்டை, வற்றிய தொட்டியின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரித்து, ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகப் பறக்கும். அதாவது நீங்கள் வந்து இறங்குகிற நாளுக்குச் சரியாக. வெறுமனே தண்ணீரை ஊற்றிக் கழுவினால் முட்டை போகாது. தொட்டி, அண்டா, முற்றத்து மழைத்தண்ணீர் பிடிக்க வைத்திருக்கிற கொப்பரை எல்லாவற்றின் உள்பக்கத்தையும் பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு மூடி வைக்கச் சொல்லுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவருக்கு ஒரு போன் போட்டால் முடிகிற வேலை.

இந்தக் கொசு பகலில் கடிக்கும். ராத்திரி வலை கட்டிவிட்டு, காலை முகூர்த்தத்துக்குக் கையில்லாத பட்டுச் சட்டை போட்டு அனுப்பினால் பிரயோஜனம் இல்லை. இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கொசு விரட்டும் கிரீம் பூசலாம், ஆனால் உள்ளங்கையிலும் விரல்களிலும் பூசாதீர்கள், வாயில் வைத்துவிடுவார்கள். அதற்குக் கீழே வலைதான். இன்னொன்று, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பையில் ஐபுப்ரோஃபென் சிரப் இருக்கும். இங்கே வந்த இடத்தில் காய்ச்சல் என்றால் அதைத் தொடாதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவை அதிகமாக்கிவிடும். பாராசிட்டமால் மட்டும் போதும்.

பாராசிட்டமாலிலும் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்கச் சிரப்பில் 5 மில்லியில் 160 மில்லிகிராம் இருக்கும். இங்கே 120, 125, 250 என்று பல வகை விற்கிறது, கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தோ 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம். "அங்க அஞ்சு மில்லி குடுப்போம்" என்று இங்கே வாங்கிய சொட்டு மருந்தை ஐந்து மில்லி ஊற்றினால் மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிடும். ஒரு வேளைக்குக் குழந்தையின் எடைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம், அதற்கு மேல் வேண்டாம். எத்தனை மில்லி என்பதைப் பாட்டிலில் உள்ள எண்ணைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே மருந்தைத் தேட வேண்டாம், நேரே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

தண்ணீர் விஷயத்தில் வீட்டுக்குள் மனஸ்தாபம் வருவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். சிங்கப்பூரிலிருந்து வந்த மூன்று வயதுப் பெண்குழந்தை ஒன்று, கண் உள்ளே போய், உதடு வறண்டு அப்பாவின் தோளில் துவண்டு கிடந்தது. மருமகள் பேசாமல் நிற்கிறாள். அப்பத்தா என்னிடம், "இந்தத் தண்ணியக் குடிச்சுத்தான் டாக்டரம்மா நாங்க எட்டுப் பேரும் வளர்ந்தோம், இவங்க என்னமோ பாட்டில் பாட்டிலா வாங்குறாங்க" என்றார். "நீங்க சொல்றது சரிதான் ஆச்சி, உங்க வயிறு இந்த ஊர்க் கிருமியோட சின்ன வயசுலேர்ந்து பழகின வயிறு, இவ வந்து நாலு நாள்தானே ஆகுது" என்றேன். அவருக்கு அது புரிந்தது, அன்று சாயங்காலம் ஓ.ஆர்.எஸ். என்கிற உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கரண்டி கரண்டியாக ஊட்டியதே அவர்தான். காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசியை நானும் மறுக்க மாட்டேன். ஊற்று எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கல்யாண வீட்டில் அது குடத்துக்கு வந்து, ஆளாளுக்குத் தம்ளரைக் கையோடு முக்கி மொண்டு குடிக்கும்போது கெட்டுவிடுகிறது. கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரைத் தனிப் பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள், பல் தேய்க்கவும் அதுதான். பந்தியில் இலை போட்ட உடனே தெளிக்கிற தண்ணீரைத் துடைத்துவிடுங்கள். சூடாகப் பரிமாறுகிற இடியாப்பம், பணியாரம் எல்லாம் தாராளமாகச் சாப்பிடட்டும். மாவுருண்டை, சீடை, முழு வேர்க்கடலை மாதிரி கெட்டியான பண்டங்கள் நான்கு வயதுக்குக் கீழே வேண்டாம், மூச்சுக்குழாயில் போய் அடைக்கும். ஒரு வயதுக்குக் கீழே தேன் தொட்டு நாக்கில் வைப்பதும் வேண்டாம். ஆறு மாதத்துக்குக் கீழே இருக்கிற குழந்தைக்கு எவ்வளவு வெயில் அடித்தாலும் தாய்ப்பால்தான் தண்ணீர், கூடுதலாக நாலு தடவை கொடுங்கள்.

வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். ஓ.ஆர்.எஸ். என்றால் அது பொடிப் பாக்கெட், பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு என்று போட்டிருக்க வேண்டும். பழச்சாறு மாதிரி டப்பாவில் வருகிற இனிப்பு பானங்கள் வேறு. சர்க்கரை அதிகமாக இருந்தால் குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். மேலே சொன்ன குழந்தைக்கு அப்படி ஒரு பானத்தைத்தான் இரண்டு நாளாகக் கொடுத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல்லே இருக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. ஆனாலும் கடையில் கொடுப்பதை அப்படியே வாங்காமல் படித்துப் பார்த்து வாங்குங்கள். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. அளவு மாறக் கூடாது. ஒவ்வொரு முறை போனதும் இரண்டு வயதுக்குள் என்றால் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. கூடவே துத்தநாக மருந்தும் கேளுங்கள். ஆறு எட்டு மணி நேரம் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் இல்லை, எழுப்பினால் மந்தமாக இருக்கிறது என்றால் முகூர்த்தம் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அப்புறம், நான் மிகவும் கவலைப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். நேர மாற்றம். அமெரிக்காவிலிருந்து வந்த பிள்ளைக்கு நம் ராத்திரி இரண்டு மணி என்பது மத்தியானம். நன்றாகக் கண் விழித்து விளையாடத் தயாராக இருக்கும். வீட்டில் மற்ற எல்லாரும் முதல் நாள் அலைச்சலில் பட்டாலையிலும் வளவிலும் பாய் போட்டு அசந்து தூங்குவார்கள். முகப்பிலிருந்து பின்கட்டு வரைக்கும் நேராக நடந்து போய்விடக்கூடிய வீடு. பின்கட்டில் கிணறு, சமையல்காரர்கள் மொண்டுவிட்டுத் திறந்தபடி விட்ட சம்ப் என்கிற நிலத்தடித் தொட்டி, கொல்லைக் கதவு சாத்தியிருக்காது. கொஞ்ச தூரத்தில் ஊருணி. சின்னக் குழந்தை தண்ணீரில் விழுந்தால் கத்தாது, சத்தமே வராமல் முடிந்துவிடும். ஒரு அண்டாத் தண்ணீரே போதும். வந்து இறங்கிய அன்றைக்கே, பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பு, வீட்டைப் பின்னால் வரைக்கும் ஒரு சுற்று நடந்து பாருங்கள். சம்ப் மூடியைக் காலால் தட்டிப் பாருங்கள், ஆடினால் மேலே அம்மிக்கல் மாதிரி கனமான எதையாவது வைக்கச் சொல்லுங்கள். கிணற்றுக்குக் கம்பி வலை இருக்கிறதா, பின்கதவுத் தாழ்ப்பாள் மேலே இருக்கிறதா என்று பாருங்கள். மாடிப்படி செங்குத்தாக இருக்கும், ஆத்தங்குடிக் கல் ஈரத்தில் வழுக்கும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பகலிலும் இதே ஆபத்து வேறு மாதிரி வரும். இத்தனை பேர் இருக்கிறார்களே, யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லாரும் நினைப்போம். அம்மாவுக்கு அப்பா பார்க்கிறார் என்ற நினைப்பு, அப்பாவுக்கு ஆயா, அதாவது பாட்டி, பார்க்கிறார் என்ற நினைப்பு, ஆயாவோ வேவு இறக்குகிற சடங்கு நடக்கிற இடத்தில் நிற்பார். மணிக்கு ஒருவர் என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். "பதினோரு மணி வரைக்கும் சின்னவன் உங்க பொறுப்பு சித்தப்பா, அதுக்கப்புறம் என்கிட்ட குடுங்க" என்று வாய் திறந்து சொல்லுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பந்தி நடக்கும்போது இலை வரிசைக்கு நடுவே ஓடவே விடாதீர்கள், ரசவாளியும் பாயச வாளியும் பிள்ளைகளின் தலை உயரத்தில்தான் வரும். சுட்டுவிட்டால் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். மஞ்சள், பேனா மை, பற்பசை எதுவும் வேண்டாம்.

பூட்டிக் கிடந்த வீட்டில் தேளும் இருக்கும். ஷூவை உதறிவிட்டுப் போடப் பழக்குங்கள். கொட்டினபிறகு பிள்ளைக்கு வாந்தி, கொட்டுகிற வியர்வை, கை கால் ஜில்லிப்பு என்று வந்தால் அது வெறும் வலி இல்லை, இருதயத்தைப் பாதிக்கிறது. பிராசோசின் என்ற மாத்திரை உயிரைக் காப்பாற்றும், ஆனால் சீக்கிரம் கொடுக்க வேண்டும். 108-ஐக் கூப்பிடுங்கள். காரைக்குடி அரசு மருத்துவமனை, சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இரண்டும் உங்கள் ஊரிலிருந்து எவ்வளவு நேரம் என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நாய். பந்திக்குப் பின்னால் எச்சில் இலையைக் கொட்டுகிற இடத்தில் தெருநாய்கள் கூடும். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைக்கு நாய் என்றால் தடவிக் கொடுக்கிற பிராணி, நேரே போய்க் கையை நீட்டும். திட்டுவீர்களோ என்று பயந்து கீறலை மறைத்தும்விடும், அதனால் ராத்திரி உடை மாற்றும்போது கை காலைப் பாருங்கள், கேளுங்கள். லேசான கீறலாக இருந்தாலும் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) தடுப்பூசி போட வேண்டும். ரத்தம் வந்திருந்தால் காயத்துக்குள்ளும் சுற்றியும் இம்யூனோகுளோபுலின் என்ற நோய் எதிர்ப்பு ஊசியும் கட்டாயம். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு எல்லாம் வேண்டாம், நோய் வந்தபிறகு ரேபிஸுக்கு வைத்தியம் கிடையாது. ஊசி முதல் நாளோடு முடியாது, மூன்றாவது நாள், ஏழாவது நாள் என்று 28 நாள் வரை போகும், அதற்குள் நீங்கள் விமானம் ஏறியிருப்பீர்கள். எந்த மருந்து, தசையில் போட்டதா தோலில் போட்டதா, எந்தத் தேதி என்று எழுதிய அட்டையை வாங்கிக்கொண்டு போனால்தான் அங்கே மிச்சத்தைத் தொடர முடியும்.

திரும்பிப் போய் மூன்று வாரத்துக்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அங்கே இருக்கிற மருத்துவரிடம் முதலில் "இந்தியா போய் வந்தோம்" என்று சொல்லுங்கள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை இருந்தீர்கள் என்றும் சொல்லுங்கள். டெங்குவும் டைபாய்டும் அவர்கள் தினமும் பார்க்கிற நோய்கள் இல்லை, நீங்கள் சொன்னால்தான் அந்த ரத்தப் பரிசோதனையை எழுதுவார்கள்.