மக்டலின் லாண்டரி: தமிழில் எப்படிச் சொல்வது?

அயர்லாந்து பற்றி எழுதும்போது 'மக்டலின் லாண்டரி' என்று வந்தால் 'சலவை நிலையம்' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். சலவை நிலையம் என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வரும்? சட்டையைக் கொடுத்து, சீட்டு வாங்கி, இரண்டு நாள் கழித்து இஸ்திரி மடிப்போடு எடுத்து வருகிற தெருமுனைக் கடை. மக்டலின் லாண்டரியோ பெண்களை உள்ளே அடைத்து, சம்பளமில்லாமல் துணி துவைக்க வைத்த இடம். அந்தச் சொல் இங்கே பொருந்தவே பொருந்தாது.

முதலில் 'மக்டலின்'. கலிலேயக் கடலோரத்தில் மகதலா என்று ஓர் ஊர், அரமேய மொழியில் கோபுரம் என்று பொருள். இயேசுவின் சீடரான மரியாவுக்கு அதுதான் ஊர். கத்தோலிக்க விவிலியத்தில் அவர் 'மகதலா மரியா', பழைய வேதாகமத்தில் 'மகதலேனா மரியாள்'. அவர் விலைமகளாக இருந்தார் என்று நற்செய்திகளில் ஒரு வரிகூடக் கிடையாது. 591ஆம் ஆண்டு வாக்கில் போப் முதலாம் கிரகோரி ஒரு மறையுரையில், லூக்கா நற்செய்தியில் கண்ணீரால் இயேசுவின் காலை நனைக்கும் பெயர் சொல்லப்படாத பாவிப்பெண்ணும் இவரும் ஒருவரே என்று சேர்த்துவிட்டார். அதிலிருந்து ஊர்ப்பெயர் 'திருந்திய விலைமகள்' என்ற பொருளுக்கு இறங்கிவிட்டது. அழுது வடிவதைக் குறிக்கும் 'மாட்லின்' என்ற ஆங்கிலச் சொல்லும் இதன் திரிபுதான், ஓவியங்களில் அவரை அழுதபடியே வரைந்து பழகியதால். 'லாண்டரி' லத்தீனில் கழுவுதல் என்ற வேரிலிருந்து வந்தது, அதில் சிக்கல் இல்லை.

அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில், லீசன் தெருவில், அராபெல்லா டென்னி என்ற சீமாட்டி 1767இல் இந்த மக்டலின் பெயரில் ஓர் இல்லத்தைத் திறந்தபோது அதற்குப் பெயர் 'புகலிடம்'. பிறகு கத்தோலிக்கக் கன்னியர் சபைகள் இதைப் பெரிய அளவில் நடத்தின. 1922இல் நாடு தனி அரசான பிறகும் நான்கு சபைகளின் கையில் பத்து இடங்கள் இருந்தன, கடைசியானது 1996 அக்டோபரில்தான் மூடியது. அதுவரை குறைந்தது 10,000 பெண்கள் உள்ளே போனார்கள் என்கிறது 2013இல் வந்த அரசு அறிக்கை, அவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் அரசின் வழியாகவே அனுப்பப்பட்டவர்கள்.

போனவர்கள் யார்? திருமணமாகாமல் கருவுற்றவர்கள் மட்டும் என்று நினைக்கிறோம், அப்படியில்லை. அநாதை விடுதியில் வளர்ந்த சிறுமிகள், வீட்டில் வேண்டாம் என்றவர்கள், மனவளர்ச்சி குன்றியவர்கள், சிறு திருட்டுக்காக நீதிமன்றம் அனுப்பியவர்கள் என எல்லோரும் இருந்தார்கள். உள்ளே போனதும் பலருக்கு முடியை வெட்டி, வேறு பெயர் வைத்தார்கள். பிறகு ஓட்டல், மருத்துவமனை, ராணுவ முகாம்களின் விரிப்புகளைப் பேசாமல் துவைத்துப் பிழிந்து தேய்க்க வேண்டும், சம்பளம் கிடையாது. கதவு பூட்டியிருக்கும், தப்பி ஓடியவர்களைப் போலீஸ் பிடித்துக் கொண்டுவந்து விட்டதும் உண்டு.

1993இல் டப்ளின் ஹை பார்க்கில் ஒரு சபை நிலத்தை விற்றது, அதில் இந்தப் பெண்களின் கல்லறைகள் இருந்தன. 133 பேர் என்று அனுமதி வாங்கித் தோண்டினால் மேலும் 22 உடல்கள் வந்தன. பலருக்கு இறப்புச் சான்றிதழே இல்லை. சிலருடைய உண்மைப் பெயர்கூடத் தெரியவில்லை, உள்ளே வைத்த பெயர்தான் மிஞ்சியிருந்தது. எனக்கு நெஞ்சு அடைத்தது இந்த இடத்தில்தான்.

சரி, தமிழில் என்ன எழுதுவது? 'புகலிடம்' என்றால் அவர்களே தேடிப் போனது போல ஆகிவிடும். 'காப்பகம்' கொஞ்சம் நெருங்கி வருகிறது, ஆனால் அதில் ஒரு பரிவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தண்டனை சொல்லாமலே அடைத்து வைத்த இடம் என்பதால் 'மகதலா சலவைச்சிறை' என்பதுதான் என் தேர்வு. பெயரை விவிலியத் தமிழில் எழுதினால் அது ஓர் ஊரின் பெயர், ஒரு சீடரின் பெயர் என்பதும் காதில் விழும்.

இன்னொன்று, உள்ளே இருந்தவர்களை அங்கே 'பாவத்துக்கு வருந்துகிறவர்கள்' என்று அழைத்தார்கள், அதை அப்படியே மொழிபெயர்த்து எழுதாதீர்கள். 'பெண்கள்' என்று எழுதுங்கள், வெளியே வந்து பேசியவர் என்றால் அவருடைய சொந்தப் பெயரையே எழுதுங்கள்.