பட்டாணிக்குத் தமிழ் என்ன?

பட்டாணிக்குத் தமிழ் பட்டாணிதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியோடு வருகிறவர்களிடம் யாராவது ஒருவர் "வட்டப்பயறு", "உருண்டைக்கடலை" என்று அந்த நேரத்துக்குத் தோன்றியதைச் செய்து கொடுத்துவிடுவார், அதை வைத்துக்கொண்டு நீங்கள் போய் விதை கேட்டால் எதிரில் இருப்பவர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்.

கடன் சொல்லா என்றால், ஆமாம், கடன் சொல்தான். சங்கப் பாடல்களில் அவரை வரும், கொள் வரும், உழுந்து வரும், பயறு வரும், பட்டாணி வராது. இது குளிர் கேட்கிற செடி. மேற்கு ஆசியாவில் கோதுமை, பார்லியோடு சேர்ந்து ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன் பயிராக்கப்பட்டது. நம்மிடம் வரும்போது பெயரையும் கூடவே தூக்கிக்கொண்டு வந்துவிட்டது.

அந்தப் பெயரைப் பற்றி ஒரு கதை சுற்றிக்கொண்டிருக்கிறது: பட்டாணியர், அதாவது ஆப்கானியப் பக்கத்துப் பதான்கள், கொண்டுவந்ததால் பட்டாணி என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, தமிழில் எழுத்துக்கூட்டலும் ஒன்று. ஆனால் பக்கத்து மொழிகளை எட்டிப் பார்த்தால் கதை நிற்காது. மராத்தியில் இந்தப் பயறு வாட்டாணா, குஜராத்தியில் வட்டாணா. பட்டாணியரைக் குறிக்கும் சொல்லோ அங்கே 'ப'வில் தொடங்குகிறது. தெலுங்கிலும் கன்னடத்திலும் நம்மைப் போலப் பட்டாணி என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் முதலெழுத்து நாம் 'பஸ்' என்று சொல்லும்போது வருகிற ப. பட்டாணியரைச் சொல்லும்போது மட்டும் 'பல்' என்பதில் வருகிற ப. ஆக, அங்கெல்லாம் தனித்தனியாக நிற்கிற இரண்டு சொற்கள், இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்து வைத்திருக்கிற நம்மிடம் வந்ததும் முட்டிக்கொண்டன, அவ்வளவுதான். 'வ' எப்படி 'ப' ஆகும் என்று கேட்டால், நம்முடைய வேர் கன்னடத்தில் பேரு, வெள்ளி அங்கே பெள்ளி. வட்டாணா பட்டாணியாக அதிக தூரம் நடக்க வேண்டியதில்லை.

ஆங்கிலக்காரர்களுக்கும் இது கடன்தான். கிரேக்கத்தில் பிசோன், லத்தீனில் பிசும், அது ஆங்கிலத்துக்குப் போய் 'பீஸ்' என்று ஒருமையாகவே நின்றது. 17ஆம் நூற்றாண்டு வாக்கில் கடைசி 'ஸ்' பன்மை விகுதி என்று தப்பாக நினைத்து அதை வெட்டிவிட்டு 'பீ' என்று புதிதாக ஓர் ஒருமையை உண்டாக்கிக்கொண்டார்கள். நாம் இன்றைக்கு 'ஒரு க்ரீன் பீஸ்' என்று சொன்னால் இலக்கணம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள், ஆனால் பழைய ஆங்கிலப்படி நாம் சொல்வதுதான் சரி. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த தாவரப் பெயரான பைசம் சடைவத்திலும் அதே பிசும்தான் இருக்கிறது. சடைவம் என்றால் விதைத்து வளர்ப்பது.

கடன் வாங்கிய சொல்லைத் தமிழ் சும்மா விடவில்லை, குடும்பப் பெயர் கொடுத்துச் சேர்த்துக்கொண்டது: பட்டாணிக்கடலை, பட்டாணிப்பயறு. முன்னால் 'பச்சை' ஒட்டிக்கொண்டது. இந்தப் பச்சைதான் தோட்டம் போடுகிறவர்களை அதிகம் குழப்புகிறது. தமிழில் பச்சை என்றால் நிறமும் உண்டு, காயாத, முற்றாத என்ற பொருளும் உண்டு. பச்சைப் பட்டாணி என்பதில் இருப்பது இரண்டாவது பொருள்; முற்றுவதற்கு முன்னால் உரித்த விதை, தனிச் செடியோ தனி இனமோ அல்ல. அதைக் கொண்டுபோய் மண்ணில் போட்டால் பெரும்பாலும் அழுகும். உறைய வைத்து விற்பது வெந்நீரில் முக்கி எடுத்தது, உயிரே இருக்காது. உடைத்த பட்டாணிப் பருப்பும் முளைக்காது. வறுக்காத, முழுசான, காய்ந்த பட்டாணி என்றால் முளைக்க வாய்ப்பு உண்டு, அது பச்சை நிறமாக இருந்தாலும் மஞ்சளாக இருந்தாலும். காய்ந்த பச்சைப் பட்டாணி என்று சொல்கிறோமே, அங்கே மட்டும் பச்சை நிறம்.

சரி, பட்டாணி பட்டாணியாகவே இருக்கட்டும். எனக்கு மனத்தாங்கல் இருப்பது வேறு இடத்தில். செடி முளைத்த பிறகு ட்ரெல்லிஸ், டென்ட்ரில், நாடியூல் என்று அடுக்குகிறோமே, அவற்றுக்கெல்லாம் நல்ல தமிழ் ஏற்கெனவே கிடக்கிறது, சொல்லைக் கேட்டாலே வேலை புரிகிற தமிழ்.

கொழுகொம்பு: கொடி பிடித்து ஏற நடுகிற கொம்பு. பட்டாணிக்கு எப்படிப்பட்ட கொழுகொம்பு என்பதை இன்னொரு சொல் சொல்லித்தரும், பற்றுக்கம்பி. பட்டாணி இலையின் நுனியைப் பாருங்கள், கடைசிச் சிற்றிலைகள் இலையாக இல்லாமல் நூல் மாதிரி நீண்டு கிளைத்திருக்கும். காற்றில் துழாவும், எதிலாவது பட்டதும் அந்தப் பக்கமாக வளைந்து சுற்றிக்கொள்ளும். பற்றுகிற கம்பி. அவரை தன் தண்டையே கோலில் சுற்றி ஏறும், அதற்குப் பருத்த கழி போதும்; பட்டாணிக்கோ இந்த நூல் மட்டும்தான் கை, பருத்த கழியை அதனால் கட்டிப்பிடிக்க முடியாது. இது தெரியாமல் முதல் தடவை நான் மணிக்கட்டுப் பருமனில் மூங்கிலை நட்டு வைத்தேன், செடிகள் மூங்கிலை விட்டுவிட்டு ஒன்றையொன்று பற்றிக்கொண்டு மொத்தமாகச் சாய்ந்தன. சுள்ளி, வலை, சணல் கயிறு, இவைதான் சரி. செடி ஒரு சாண் வருவதற்குள் நட்டுவிடுங்கள், அப்புறம் நட்டால் வேர் அடிபடும்.

வித்திலை: ஊறிய பட்டாணியின் தோலை உரித்தால் இரண்டு பாதியாகப் பிரிகிறதே, அவை. பீன்ஸ் முளைக்கும்போது அந்த இரண்டையும் தலையில் சுமந்துகொண்டு மண்ணுக்கு மேலே வரும். பட்டாணி அவற்றை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டு மெல்லிய தளிரை மட்டும் அனுப்பும். அதனால் பறவை தளிரைக் கிள்ளினாலும் பதறிப் பிடுங்க வேண்டாம், கீழேயிருந்து இன்னொரு தளிர் வர வாய்ப்பு இருக்கிறது. விதையை 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில், ஒன்றுக்கொன்று 5 செ.மீ. விட்டு, நேரடியாகவே ஊன்றலாம்; நாற்று எடுத்து நடுவது இதற்குப் பிடிக்காது.

வேர்முடிச்சு: இது தமிழில் அழகாகவே அமைந்த சொல், வேரில் சின்னச் சின்ன முடிச்சுகளாகத்தான் இருக்கும். உள்ளே குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைச் செடிக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தருகிறது. ஒரு முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. இந்த வசதி இருக்கும்போது யூரியாவை அள்ளிப் போட்டால் இலைதான் தழைக்கும், காய் குறையும். அறுவடை முடிந்ததும் செடியைப் பிடுங்காமல் தரையோடு வெட்டி, வேரை மண்ணிலேயே விடுங்கள்.

வெயில் பற்றி ஒரு வரி: பகல் 13 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் செடி குதூகலமாக இருக்கும், 27ஐத் தாண்டிக்கொண்டே போனால் பூ உதிரத் தொடங்கும்.

காய்க்கு வந்தால் ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் 'பாட்' ஒன்றுதான், தமிழில் பிஞ்சு, காய், நெற்று என்று வயதுக்கு ஒரு பெயர். உரித்துத் தின்னும் வகையில் காயின் உட்புறம் காகிதம் மாதிரி ஒரு சவ்வு இருக்கும், மெல்ல முடியாது. தோலோடு தின்னும் தட்டை வகையில் அந்தச் சவ்வு இல்லை, பிஞ்சிலேயே பறித்துவிட வேண்டும். விதைக்கு வைக்கிற காயைச் செடியிலேயே விட்டு நெற்றாக்குங்கள். பழுப்பேறி, ஆட்டினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். பட்டாணிப் பூ விரிவதற்கு முன்பே உள்ளுக்குள் மகரந்தச் சேர்க்கை முடிந்துவிடுவதால் பக்கத்தில் வேறு வகை இருந்தாலும் விதை அவ்வளவாகக் கலக்காது. மரபியலுக்கு அடித்தளம் போட்ட மெண்டல் 1856இல் தன் சோதனைகளைத் தொடங்கப் பட்டாணியைப் பிடித்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

நெற்றை உடைத்ததும் உள்ளே விதை சுருங்கிக் கிடந்தால் பூச்சி அரித்துவிட்டது, கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிடாதீர்கள். வழவழவென்று உருண்டையாக இருப்பதில் மாவுச்சத்து அதிகம். சுருங்கிய வகையில் சர்க்கரை முழுக்க மாவாக மாறாமல் தங்கிவிடுகிறது, அதனால் பச்சையில் நீரை அதிகம் பிடித்து வைத்திருந்து, காயும்போது தோல் சுருங்குகிறது. இரண்டில் தித்திப்பு அதுதான்.