லண்டன்ல ஒன்பதாவதா வந்தவருக்கு வெண்கலம் எப்படி கிடைச்சுது?

2012 லண்டன் ஒலிம்பிக், பளுதூக்குதல், ஆண்கள் 94 கிலோ பிரிவு. மேடையில ஏறி தங்கம் வாங்கினது கஜகஸ்தானோட இல்யா இல்யின், மொத்தம் 418 கிலோ தூக்கியிருந்தாரு. வெள்ளி ரஷ்யாவுக்கு, வெண்கலம் மால்டோவாவுக்கு. இப்ப அதே போட்டியோட ரிசல்ட்டை எடுத்துப் பாருங்க, அந்த மூணு பேருமே லிஸ்ட்ல கிடையாது, நாலாவதும் காலி. அஞ்சாவதா வந்த ஈரான்காரர் சயீத் முகமதுபூர்தான் தங்கம். ஆறும் ஏழும்கூட காலி, அதனால எட்டாவதா வந்த தென் கொரியாவோட கிம் மின் ஜே வெள்ளி, ஒன்பதாவதா வந்த போலந்தோட தாமஸ் ஸீலின்ஸ்கி வெண்கலம்.

இதுல விஷயம் என்னன்னா, பதக்கம் வாங்கினவங்களுக்கு அப்பவே ஊக்கமருந்து டெஸ்ட் எடுத்தாச்சு. அப்ப மாட்டல. அதே யூரின் பல வருஷம் கழிச்சு மாட்டுது. அது எப்படின்னு புரிஞ்சுக்கணும்னா முதல்ல இந்த மருந்து உடம்புல என்ன பண்ணுதுன்னு பாத்துடலாம்.

இதுக்குப் பேரு அனபாலிக் ஸ்டீராய்டு, எல்லாமே டெஸ்டோஸ்டீரோன்ங்கிற ஆண் ஹார்மோனோட பங்காளிங்கதான். தசை செல்லுக்குள்ள போய் ஆண்ட்ரோஜன் ரிசெப்டர்னு ஒண்ணுல ஒட்டிக்கும், ஒட்டினதும் 'இன்னும் புரோட்டீன் செய்'னு டிஎன்ஏவுக்கு ஆர்டர் போகும். 1996-ல ஒரு ஆய்வு வந்துச்சு, வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டீரோன் ஊசி, 10 வாரம். ஊசி போட்டுட்டு எக்சர்சைஸே பண்ணாம இருந்தவங்களுக்கு கொழுப்பில்லாத எடை 3.2 கிலோ ஏறுச்சு, ஊசி இல்லாம ஒழுங்கா வெயிட் தூக்கினவங்களுக்கு 1.9 கிலோதான். ரெண்டும் சேந்தவங்களுக்கு 6.1. ஒரு கிலோ வித்தியாசத்துல பதக்கம் போற விளையாட்டுல இதுக்கு என்ன அர்த்தம்னு நான் சொல்லவே வேணாம். அதுவும் போக, இப்படி ஏத்தின தசை மருந்தை நிறுத்தின மறுநாளே இறங்கிடாது. அதனால போட்டி அன்னிக்கு மட்டும் டெஸ்ட் பண்றதுல பெரிய பிரயோஜனம் இல்ல, பயிற்சி நேரத்துல போட்டுட்டு, கணக்கு பாத்து நிறுத்திட்டு, சுத்தமா வந்து நின்னுடலாம். இதனாலதான் பெரிய லெவல்ல இருக்கிற வீரர்கள் தினமும் ஒரு மணி நேரம் எங்க இருப்போம்னு முன்கூட்டியே சொல்லி வைக்கணும், 12 மாசத்துல மூணு தடவை கோட்டை விட்டா அதுவே குத்தம்.

சரி, லேப்ல என்ன நடக்குது? கல்லீரல் அந்த மருந்தை அப்படியே விடாது, வெட்டி ஒட்டி வேற வேற வடிவமா மாத்தி யூரின்ல தள்ளும். லேப் பெரும்பாலும் தேடுறது மருந்தை இல்ல, இந்த மிச்சத்தைத்தான். சாம்பிளை சூடாக்கி ஆவியாக்கி, முடி மாதிரி மெல்லிசான ரொம்ப நீளமான குழாய் வழியா அனுப்புவாங்க, ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு நேரத்துல வெளிய வரும். வர்றதை எலக்ட்ரானால அடிச்சு உடைச்சு துண்டு துண்டா எடை பாப்பாங்க. கீழ விழுந்த தட்டு மாதிரி இஷ்டத்துக்கு உடையாது, ஒரே மூலக்கூறு அதே மாதிரி அடிச்சா அதே மாதிரிதான் உடையும். அந்தத் துண்டுகளோட எடையை வச்சே இது இன்னாருன்னு சொல்லிடலாம்.

லண்டன் கதையில அடிக்கடி வர்ற பேரு டியூரினபால்னு ஒரு ஸ்டீராய்டு. பழைய கிழக்கு ஜெர்மனி தயாரிப்பு. அதுல ஒரு குளோரின் அணு இருக்கும், நம்ம உடம்பு சொந்தமா செய்ற ஸ்டீராய்டு எதுலயும் குளோரின் கிடையாது, அதனால அது யூரின்ல இருந்தா வெளியில இருந்து வந்ததுதான். ஆனா அப்ப எல்லாரும் தேடிட்டிருந்த மிச்சம் சில நாள்லயே கழுவிட்டுப் போயிடும், வீரர்களும் அதை வச்சுதான் கணக்கு போட்டாங்க. 2012 வாக்குல மாஸ்கோ ஊக்கமருந்து டெஸ்ட் லேப்ல இருந்து ஒரு ஆய்வு வந்துச்சு, டியூரினபாலோட இன்னும் சில மிச்சம் இருக்கு, கொஞ்சூண்டுதான், ஆனா வாரக்கணக்குல யூரின்ல தங்குதுன்னு. அந்த ஆய்வுல ஒருத்தர் லேப் டைரக்டர் கிரிகோரி ரோட்சென்கோவ். ரஷ்ய வீரர்களுக்கு மருந்து கலவை செஞ்சு கொடுத்து சாம்பிளை மாத்தினேன்னு பின்னாடி ஒத்துக்கிட்டாரே, அதே ஆளுதான். கள்ளச்சாவி போட்டவரே பூட்டும் செஞ்சு கொடுத்திருக்காரு.

சாம்பிள் ஃபிரீசர்ல இருந்துச்சு. புது முறையை வச்சு 2008 பெய்ஜிங், 2012 லண்டன் பாட்டிலை திரும்ப எடுத்தாங்க, கொத்து கொத்தா விழுந்தாங்க, அதிகம் விழுந்தது பளுதூக்குறவங்க. இல்யினுக்கு ரெண்டு ஒலிம்பிக் தங்கமும் போச்சு.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடம் டெஸ்டோஸ்டீரோன் கேஸ்தான், ஏன்னா அது எல்லார் உடம்புலயும் இருக்கு, இருக்குன்னு கண்டுபிடிச்சு என்ன பண்றது? அதனால எபிடெஸ்டோஸ்டீரோன்னு ஒரு அண்ணன் தம்பி மாதிரி பொருளோட ஒப்பிடுவாங்க. பல பேருக்கு ரெண்டும் கிட்டத்தட்ட சமமா இருக்கும், ஊசி போட்டா ஒண்ணு மட்டும் ஏறும், 4 மடங்கைத் தாண்டினா சந்தேகம். கிழக்கு ஜெர்மனிக்காரங்க எபிடெஸ்டோஸ்டீரோனையும் சேத்தே போட்டு விகிதத்தை சரி பண்ணிட்டாங்க, அது வேற கதை. இன்னொரு பக்கம் ஒரு ஜீன் இல்லாதவங்களுக்கு, கிழக்கு ஆசியாவுல இது அதிகம், ஊசி போட்டாலும் விகிதம் 4 மடங்கைத் தாண்டாமலே போகலாம். அதனால இப்ப ஒரே ஆளோட அளவை வருஷக்கணக்கா பதிவு பண்ணி அவரோட அவரையே ஒப்பிடுறாங்க. சந்தேகம் வந்தா கடைசி ஆயுதம் கார்பன். மருந்துக் கம்பெனி டெஸ்டோஸ்டீரோனை சோயா மாதிரி செடியில இருந்து எடுக்குது, அந்தச் செடிகள்ல கார்பன் 13, அதாவது கார்பன்ல கொஞ்சம் எடை கூடின வகை, கொஞ்சம் கம்மி. நாம சோளம், கறின்னு கலந்து சாப்பிடுறதால நம்ம உடம்பு செஞ்சதுல கொஞ்சம் அதிகம். ரெண்டும் மூலக்கூறா அச்சு அசல் ஒண்ணுதான், ஆனா எடை காட்டிக் கொடுத்துடும்.

சாம்பிள் எடுக்கிறது கொஞ்சம் சங்கடமான வேலை. அதே பாலினத்து அதிகாரி ஒருத்தர் கூடவே நிப்பாரு, சட்டையை நெஞ்சு வரைக்கும் தூக்கி, கால்சட்டையை முட்டி வரைக்கும் இறக்கி, அவர் கண்ணு முன்னாடியே போகணும். குறைஞ்சது 90 மில்லி. எடைப் பிரிவுக்காக தண்ணியையே குறைச்சிட்டு வந்த ஆளுக்கு போட்டி முடிஞ்சதும் 90 மில்லி சும்மா வந்துடுமா, சில பேரு மணிக்கணக்குல உக்காந்திருப்பாங்க. வந்ததை வீரரே தன் கையால ஏ, பி ரெண்டு பாட்டில்ல ஊத்தி மூடணும், மூடி ஒரு பக்கம்தான் சுத்தும். லேபுக்கு பேரு போகாது, நம்பர் மட்டும்தான். ரொம்ப தண்ணியா இருந்தா ஏத்துக்க மாட்டாங்க, ஏன்னா தண்ணியாக்கி மறைக்கிறதும் பழைய வித்தைதான், 1988 சியோல்ல ஃபுரோசமைடுன்னு சிறுநீரை அதிகமாக்குற மருந்துல ரெண்டு தங்கம் மாட்டி பல்கேரியா டீம் மூட்டை கட்டிக்கிட்டு ஊருக்கே கிளம்புச்சு.

இவ்வளவு மெஷின் இருந்தும், ரிசல்ட்டை டிராயர்ல பூட்டி வச்சா ஒண்ணும் பண்ண முடியாது. உலக பளுதூக்கும் சம்மேளனத்துல 40 பாசிட்டிவ் கேஸ் மறைக்கப்பட்டதா 2020-ல மெக்லாரன் விசாரணை அறிக்கை சொல்லுச்சு, தலைவரா இருந்த தாமஸ் அயான் அந்த வருஷமே விலகினாரு. இப்ப டெஸ்டிங்கை தனியா ஒரு சர்வதேச ஏஜென்சி பாக்குது, முன்னாடியே செஞ்சிருக்கலாம்.

ஆங், அந்த ஒன்பதாவது ஆளு. ஸீலின்ஸ்கிக்கு லண்டன் வெண்கலம் வந்தது பின்னாடிதான். அதுக்கு நடுவுல 2016 ரியோவுக்கு போனாரு, போட்டிக்கு முன்னாடியே நாண்ட்ரோலோன்ங்கிற ஸ்டீராய்டுக்கு பாசிட்டிவ், வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. லண்டன் ரிசல்ட்ல அவர் பேரு இன்னும் இருக்கு.